பிரெக்ஸிட்டால் பிரிட்டனுக்கு நன்மை ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்னவர்கள் அன்று பிரசாரப் பேருந்தில் எழுதி ஊர் சுற்றிய அளவுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை பிரிட்டன் யாருடனும் தனியாக வர்த்தக ஒப்பந்தம் போட முடியாது. 2020-இல் வெளியேறியதால்தான் 2025 ஜூலையில் இந்தியாவுடன் நேரடியாகக் கையெழுத்திட்டது, அதன்படி ஸ்காட்ச் விஸ்கிக்கு நாம் போடும் 150 சதவீத வரி முதலில் பாதியாகும், பதிலுக்குத் திருப்பூர் பனியனுக்கு அங்கே வரியே கிடையாது. அப்புறம் சானிட்டரி நாப்கின். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி குறைந்தது 5 சதவீத வாட் வரி போட்டே ஆக வேண்டும் என்றிருந்ததை 2021 ஜனவரி 1-இல் தூக்கிவிட்டார்கள் (கடைக்காரர் விலையைக் குறைத்தாரா என்பது வேறு கதை). 2025 ஏப்ரலில் டிரம்ப் வரி அறிவித்தபோதும் ஒன்றியத்துக்கு 20 சதவீதம், பிரிட்டனுக்கு 10தான். என்ன, பக்கத்து பிரான்சுக்கு இறைச்சி அனுப்பவே இப்போது கட்டுக்கட்டாகக் காகிதம் நிரப்ப வேண்டியிருக்கிறது.