மூன்று வைஃபை பெட்டி, ஒரே அலுவலகம்: படியேறினால் அழைப்பு ஏன் அறுகிறது?

கேள்வி: மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் இரண்டு தளக் கட்டடத்தில் கணக்கு அலுவலகம் நடத்துகிறோம், 22 பேர். ஃபைபர் பெட்டி கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேலே சிக்னல் எட்டாததால் இரண்டு வைஃபை ரவுட்டர் வாங்கி, கேபிள் இழுத்து மாட்டினோம். இப்போது எங்கும் சிக்னல் முழுதாகக் காட்டுகிறது. ஆனால் மேலே உள்ள சிலருக்குக் கீழே இருக்கும் பிரின்டர் தெரிவதில்லை, படியேறும்போது வாட்ஸ்அப் அழைப்பு அறுகிறது, சில காலைகளில் சிலருக்கு இணையமே வருவதில்லை. இன்னொரு பெட்டி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இருக்கிற மூன்றே அதிகமாக உழைக்கின்றன. ஒரு அலுவலகத்துக்கு ரவுட்டர் ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்ற இரண்டும் ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வெறும் ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டியாக மாற வேண்டும்.

முதலில் பிரின்டர். புதுப் பெட்டிகளில் ஒன்றின் வான் (WAN, வெளி இணையம் நுழையும்) துளையில் கேபிள் செருகப்பட்டிருக்கும். அப்படிச் செருகினால் அது தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும். அதற்குள் இருப்பவர்களுக்கு இணையம் வரும், ஆனால் வெளியே உள்ள பிரின்டர் பட்டியலில் வராது. காலைக் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் மற்றப் பெட்டி. கேபிள் லான் (LAN, அலுவலகக் கருவிகளை இணைக்கும்) துளையில் இருக்கும், ஆனால் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி அணைக்கப்பட்டிருக்காது. காலையில் கணினி திறந்து முகவரி கேட்டதும் ஃபைபர் பெட்டியும் இந்தப் பெட்டியும் பதில் சொல்லும். முந்துகிறவரிடம் வாங்கிக்கொள்ளும். தவறான பெட்டி முந்தினால் கேட்வே, அதாவது இணையத்துக்குப் போகும் வாசலின் முகவரி, தவறாகிவிடும். இணையம் வராதவர் போனில் வைஃபை விவரத்தைத் திறந்து கேட்வே எண்ணைப் பாருங்கள். இணையம் வருகிறவரின் எண்ணோடு அது ஒத்துப்போகாவிட்டால் இதுதான் சங்கதி.

சரிசெய்யும் வரிசை முக்கியம். புதுப் பெட்டியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, ஒரு மடிக்கணினியை அதன் லான் துளையில் நேரடியாக இணையுங்கள். ஆக்சஸ் பாயின்ட் மோட் என்ற தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்தாலே போதும். இல்லையென்றால் முதலில் பெட்டியின் சொந்த முகவரியை மாற்றுங்கள். ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2, அடுத்ததற்கு 192.168.1.3. டிஹெச்சிபியை அதற்குப் பிறகே அணைக்க வேண்டும். முதலிலேயே அணைத்தால் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காமல், அமைப்புப் பக்கத்துக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்பீர்கள். பிறகு சுவரிலிருந்து வரும் கேபிளை லான் துளையில் செருகி, வான் துளையைக் காலியாக விடுங்கள். ஃபைபர் பெட்டி வழங்கும் முகவரிகளை 192.168.1.50 முதல் 200 வரை என்று வரையறுத்துவிட்டால் மோதல் வராது.

இனி படிக்கட்டு. எந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொள்வது என்று தீர்மானிப்பது போன்தான், பெட்டி அல்ல. ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு; மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்) அளவுக்கு இறங்கிய பிறகே வேறு பெட்டியைத் தேடத் தொடங்கும். எல்லாப் பெட்டிகளையும் முழுச் சக்தியில் வைத்தால், மேலே வந்த பிறகும் கீழ்ப்பெட்டி மைனஸ் 65-இல் கேட்டுக்கொண்டிருக்கும், போன் அதை விடாது. பெட்டியின் குரல் போனுக்குக் கேட்கிறது, போனின் மெல்லிய குரல் பெட்டிக்குத் தெளிவாக எட்டுவதில்லை. முழுச் சிக்னல் காட்டியும் அழைப்பு அறுவதற்கு இதுவும் காரணம். ஆகவே வைஃபையின் இரண்டு அலைவரிசைகளிலும் சக்தியைக் குறையுங்கள்: 2.4 கிகாஹெர்ட்ஸில் மிகக் குறைவு, 5 கிகாஹெர்ட்ஸில் நடுத்தரம். மேசைகளில் மைனஸ் 67-க்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். போனில் உள்ள வைஃபை அளக்கும் செயலியால் கதவுகளை மூடிவிட்டு அளந்து பாருங்கள்.

மூன்றிலும் வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மாறவேண்டியது சேனல், அதாவது அலைவரிசைக்குள் ஒவ்வொரு பெட்டியும் பேசும் தடம், மட்டும். 2.4-இல் 1, 6, 11; அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 3, 4, 9 என்று இடையில் போட்டால் பக்கத்துச் சேனல்கள் இரண்டையும் கெடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 36, 44 இரண்டையும் 40 அகலத்தில் கொடுங்கள். மூன்றாவதற்கு 52-க்கு மேலே போகலாம், ஆனால் அங்கே ரேடார் சிக்னல் கேட்டால் பெட்டி சேனலை விட்டு விலகியாக வேண்டும். அழைப்புகள் அதிகம் போகும் அறைக்கு அதை வைக்காதீர்கள்.

இடம் பற்றி ஒன்று. 1960-இல் அலிக்ஸ், கரோல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து போனபின் இந்தத் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. புயலைத் தாங்கும் அந்தக் கம்பி கட்டிய டால் (கான்கிரீட் தளம்) 5 கிகாஹெர்ட்ஸையும் பெருமளவு தடுத்துவிடும். எனவே கீழ்த்தளப் பெட்டியை நம்பி மேல்தளத்தை விடாதீர்கள். மேலே ஒன்றைப் படிக்கட்டு வாசல் தெரியும்படி வையுங்கள். போன் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் இரண்டின் சிக்னலும் சேர்ந்து கேட்க வேண்டும். இரும்பு அலமாரி மேல் மட்டும் வேண்டாம்.

கேபிள் மலிவாகக் கிடைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியை முனையில் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். பின்னாளில் கூரையில் மாட்டும் பெட்டிகளுக்கு அதே கேபிளில் மின்சாரம் அனுப்பும்போது அது சூடாகும், தொலைவில் உள்ள பெட்டி தானே அணைந்து எழும். முழுச் செம்பாலான கேட்6 (Cat6) வகைக் கேபிளையே வாங்குங்கள், ஒரு ஓட்டம் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். மின்சாரத்தையும் கேபிள் வழியே அனுப்பும்படி மாற்றினால் இன்னொரு லாபம்: நம் ஊரில் உருண்டைப் பிளக்கும் மூன்று முனைப் பிளக்கும் கலந்து கிடப்பதால் அடாப்டர் தளர்ந்து பெட்டி அணையும் தொல்லை தீரும், கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு ஒரு யுபிஎஸ் வைத்தால் அதிலிருந்து மின்சாரம் பெறும் பெட்டிகள் மின்வெட்டிலும் ஓடும். ஸ்விட்ச் வாங்கும்போது ஒரு துளைக்கு எத்தனை வாட் என்பதோடு மொத்தம் எத்தனை வாட் என்றும் கேளுங்கள்.

எதிர்காலத்தில் பின்கட்டுக்கும் இணைப்பு வேண்டுமென்றால் செம்புக் கேபிளை வெளியே இழுக்காதீர்கள். இடி மழையில் அதன் வழியே வரும் மின் எழுச்சி ஸ்விட்ச்சைச் சுட்டுவிடும். அந்த ஒரு ஓட்டத்தை ஃபைபரில் போடச் சொல்லுங்கள்.