பரவ மறுக்கும் சொட்டு: வாசகர் கேள்வி

கேள்வி: அமினோபுரோப்பில் ட்ரைசிலாக்ஸேனையும் குளுக்கோனோலாக்டோனையும் சேர்த்து சர்ஃபாக்டன்ட் (நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்) தயாரித்தோம். முதல் நாள் பாலித்தீன் தாளில் பரவிய கரைசல், ஒரு வாரத்தில் சொட்டாகவே நிற்கிறது. ஏன்?

பதில்: நீராற்பகுப்பாகத்தான் இருக்கும், அதாவது நீர் மூலக்கூறைப் பிளந்திருக்கும். சிலாக்ஸேனிலுள்ள சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பு பி.எச். 7ஐ ஒட்டியே தாக்குப்பிடிக்கும்; 5க்குக் கீழும் 9க்கு மேலும் சீக்கிரம் உடையும். வினைபுரியாத அமீன் மிஞ்சினாலே கரைசல் காரமாகிவிடும். ஆகவே எடையில் கவனம் தேவை: 1.78 கிராம் லாக்டோனுக்கு 2.80 கிராம் அமீன், இரண்டும் 10 மில்லிமோல். கரைப்பானான மெத்தனால் உலர்ந்ததாக இருக்கட்டும். ஈரமிருந்தால் லாக்டோன் குளுக்கோனிக் அமிலமாகி, அமீனோடு உப்பாகிவிடும், நமக்கு வேண்டிய விளைபொருளான அமைடு குறையும். அகச்சிவப்பு நிறமாலையில் 1,650 செ.மீ⁻¹ அருகே அமைடுப் பட்டை தெரிந்து, 1,730 அருகிலுள்ள லாக்டோன் பட்டை மறைந்தால் வினை முடிந்தது.

கரைசலை நடுநிலைத் தாங்கலில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) அன்றன்றே கலக்குங்கள். பரப்பு இழுவிசை, நீரின் 72இலிருந்து 21–22 மில்லிநியூட்டன்/மீட்டருக்கு இறங்க வேண்டும். 30இலேயே நின்றால் பொருளைச் சந்தேகியுங்கள், தாளை அல்ல. விளைபொருளான இந்தக் குளுக்கோனமைடு குளிர்ந்த நீரில் சரியாகக் கரையாது. கலங்கல் இருந்தால் அளவீடு வீண்.

சேர்கோணத்தை (சொட்டின் விளிம்பு தாளோடு ஏற்படுத்தும் கோணம்) அளக்க 2 மைக்ரோலிட்டர் சொட்டு போதும். பரவும் சொட்டின் கோணம் நொடிக்கு நொடி மாறும்; நேரம் குறிக்காத எண்ணுக்கு மதிப்பில்லை. சிலாக்ஸேன் பட்ட ஊசியை நீர்ச்சோதனைக்குத் தொடவே வேண்டாம்.