லா பாஸுக்குப் படகில் வருகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில், கார்ட்டஸ் கடலை (கலிபோர்னியா வளைகுடா) பார்த்தபடி இருக்கும் ஊர் லா பாஸ். ஒரு பாய்மரப் படகில் வேலை பார்த்தபோது நான்கு குளிர்காலம் அங்கே நங்கூரம் போட்டுக் கிடந்தேன். எனக்கு அவ்வளவு பிடித்த ஊர். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

ரேவதி: சான் டியேகோவிலிருந்து நண்பர்களின் படகில் வருகிறோம். லா பாஸுக்கு இரண்டு நாள் போதுமா அண்ணா?

பத்தாதும்மா, ஒரு வாரமாவது வையுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை வாடைக்காற்று பிடித்தால் மூன்று நான்கு நாள் விடாமல் அடிக்கும். அந்த நாட்களில் ஊரைச் சுற்றுங்கள், காற்று விட்டதும் எஸ்பிரித்து சாந்தோ தீவுக்குக் கிளம்புங்கள். திரும்பும் தேதியை முன்பே குறித்துக்கொண்டு வருபவர்கள்தான் மோசமான கடலில் அவசரப்பட்டு இறங்குகிறார்கள். மே நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை புயல் பருவம், அப்போது வரவே வேண்டாம்.

ஜோசப்: நங்கூரம் போட்ட படகுகள் அங்கே ஒன்றையொன்று இடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ‘லா பாஸ் வால்ட்ஸ்’ என்றே அதற்குப் பெயர், வால்ட்ஸ் என்பது சுழன்றாடும் ஜோடி நடனம். ஊருக்கு எதிரே எல் மொகோத்தே என்ற மணல்திட்டு நீளமாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கால்வாயில்தான் படகுகள் நிற்கும். ஓதம், அதாவது கடலின் நீர்மட்டம், ஏறி வடியும்போது நீரோட்டம் கடுமையாக இருக்கும். காற்று ஒரு பக்கம் தள்ள, தண்ணீர் இன்னொரு பக்கம் இழுக்கும். அடிக்கட்டை ஆழமான படகு தண்ணீரின் பேச்சைக் கேட்கும், கேட்டமரான் என்ற இரட்டை உடல் படகு காற்றின் பேச்சைக் கேட்கும். ஒரு நாள் நடுராத்திரி எழுந்து பார்க்கிறேன், பக்கத்துப் படகின் பின்பக்கம் எங்கள் படகின் முன்பக்கத்துக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறது. நானும் அந்தப் படகுக்காரரும் லைஃப் ஜாக்கெட்டோடு நின்று, ஓதம் திரும்பும்வரை காலால் தள்ளிக்கொண்டே இருந்தோம். வழக்கமாக விடும் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு விடுங்கள்.

முத்துக்குமார்: திமிங்கலச் சுறாவோடு நீந்த நம் டிங்கியிலேயே (பெரிய படகோடு வரும் சிறு படகு) போகலாமா?

கூடாது. அனுமதி பெற்ற படகில், வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அந்தப் பகுதியில் படகின் வேகத்துக்கும், ஒரே நேரத்தில் நீந்துபவர்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. புரொப்பெல்லர் வெட்டிய தழும்போடு திரியும் சுறாவைப் பார்த்தால் இந்த விதிமுறைகள் எதற்கென்று புரியும். பருவம் ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. கடற்சிங்கங்கள் வேண்டுமென்றால் லோஸ் இஸ்லோத்தேஸ் பாறைகளுக்குப் போங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவை குட்டி போடும் காலம், நீந்த அனுமதியில்லை.

காமாட்சி: நான் சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். அரைத்து வதக்கிய பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது சகஜம், தோர்த்தியா என்ற தட்டை ரொட்டியிலும், கோதுமையில் செய்ததென்றால், இருக்கும். “சின் மாந்தேகா?” என்று கேளுங்கள், கொழுப்பு இல்லாமலா என்று அர்த்தம். சிவப்புச் சோற்றைப் பெரும்பாலும் கோழிச்சாற்றில்தான் வேகவைப்பார்கள். சோளத் தோர்த்தியாவில் சீஸ் வைத்த கேசதியாவும் சப்பாத்திக்கள்ளி வதக்கலும் நல்ல துணை. மீன் சாப்பிடுகிறவர்கள் ‘சோக்கொலாத்தா’ மட்டியை விடாதீர்கள். ஓட்டின் நிறத்தால் வந்த பெயர், சாக்லேட் எதுவும் கிடையாது.

அருண்: சொந்தப் படகில்லை. எதிர்க்கரைத் துறைமுகமான மசத்லானிலிருந்து ஃபெர்ரியில் வரலாமா?

தாராளமாக வரலாம், இரவுப் பயணம். பிச்சிலிங்கே துறையில் இறக்கிவிடுவார்கள், ஊர் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சாயங்காலத்துக்குள் மலேகோன் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடுங்கள். தீபகற்பத்தின் கிழக்குக் கரை ஊர்தான், ஆனாலும் வடமேற்கைப் பார்த்திருப்பதால் சூரியன் தண்ணீர்ப் பக்கம் மறைவதைப் பார்க்கலாம்.

பியூலா: நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் ஊர் மாதிரி அங்கேயும் முத்துக்குளிப்பு இருந்ததாமே?

இருந்தது. மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்ட்டெஸ் 1535 மே மாதம் இங்கே கரையேறியதே முத்தின் பேச்சைக் கேட்டுத்தான். பிறகு நூற்றாண்டுகளாக அள்ளி அள்ளிச் சிப்பிப் படுகைகள் தேய்ந்துபோயின. அப்போது காஸ்தோன் விவெஸ் என்ற லா பாஸ்காரர் கடலிலேயே சிப்பி வளர்க்க முடியும் என்று செய்து காட்டினார். 1903இல் தொடங்கிய அவர் பண்ணை எஸ்பிரித்து சாந்தோவின் சான் கபிரியேல் விரிகுடாவில் இருந்தது. 1914இல் மெக்சிகோ புரட்சிக் கலவரத்தில் அதை நாசமாக்கிவிட்டார்கள்.

அவ்வளவு உழைப்பு ஒரே வருடத்தில் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. தீவுக்குப் போகும் எல்லாரும் வெள்ளை மணலில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் வற்றம் (ஓதம் வடிந்த நேரம்) பார்த்து டிங்கியில் அலையாத்திக் காட்டுப் பக்கம் போங்கள். சிப்பிக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் பாயக் கட்டிய கற்சுவர்கள் இன்னும் இருக்கின்றன. மேலே ஃப்ரிகேட் பறவைகள் வட்டமிடும். மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போடுங்கள், அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான்.