சிமென்ட் பூசிய பழைய சுண்ணாம்புச் சுவர் ஏன் உதிர்கிறது?

தக்கலைப் பக்கம் எலுமிச்சைத் தோப்புக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீட்டில், சிமென்ட் பூசிய பிறகு சுவரின் அடிப்பகுதி பொரிந்து கொட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் அந்தச் சிமென்ட்தான். அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றில் போய்விடும். சிமென்ட் அதை அடைத்துவிடுவதால் ஈரத்தோடு வரும் உப்பு உள்ளேயே படிந்து செங்கல்லை மாவாக்குகிறது. விரலால் தேய்த்தாலே சிவப்புப் பொடி ஒட்டுமே, அதுதான்.

சிமென்ட்டை முழுதும் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது 3 வாரம் தண்ணீரில் ஊறவைத்து, 1 பங்குக்கு 3 பங்கு கழுவிய ஆற்றுமணல் சேர்த்துக் குழையுங்கள். கடல்மணல் வேண்டவே வேண்டாம், உப்பு திரும்ப வந்துவிடும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டினால் வெடிக்கும். பூசிய சுவர்மேல் 10 நாள் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரைதான் தோது. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள், வெள்ளையடித்தால் போதும்.