பெரிய கன்சல்டிங் நிறுவனத்துக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 25 வயது. முப்பது பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனத்தில் மூன்று வருடமாக இருக்கிறேன். இப்போது, மற்ற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் பெரிய கன்சல்டிங் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் இரண்டு மடங்கு. "தூக்கமே இருக்காது" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். "இதைப் போய் விடுவாயா?" என்கிறார்கள் வீட்டில். என்ன செய்ய?

பதில்: போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சம்பளத்துக்காகப் போகாதீர்கள். அங்கே வாரத்துக்கு 60, 65 மணி நேரம் உழைப்பது சாதாரணம். சம்பளத்தை அந்த மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள், இரண்டு மடங்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

போகச் சொல்வதற்குக் காரணம் வேறு. அப்படி ஒரு நிறுவனத்தில் நான் ஆறு வருடம் இருந்தேன். முதல் மாதம், ஒரே ஒரு ஸ்லைடை என் மேனேஜர் நான்கு முறை திருப்பி அனுப்பினார். இரவு பதினொன்றரை மணி. தலைப்பில் 'விற்பனை நிலவரம்' என்று போட்டிருந்தேன். "அதிலிருந்து நீ என்ன கண்டுபிடித்தாய்? அதை எழுது" என்றார். 'பத்துக் கடைகளில் மூன்றில்தான் லாபம்' என்று மாற்றினேன். அப்புறம் கூட்டுத்தொகையைப் பார்த்தார். ஏழாம் பக்கத்து எண்ணோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி உட்கார்ந்தோம். அன்று படிந்த பழக்கம் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. சின்ன இடங்களில் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரப் பெரும்பாலும் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் விற்பனைச் சரக்கே உங்கள் நேரம்தான். யாருக்காக எவ்வளவு நேரம் உழைத்தோம் என்று நாமே எழுதும் டைம்ஷீட்டில் கிளையன்ட் பெயரில் எத்தனை மணி நேரம் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 60 மணி நேரம் உழைத்துவிட்டு, புராஜெக்டின் பட்ஜெட் இடிக்கிறதே என்று 45 என எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் எழுதியிருக்கிறேன். அது தப்பு. அந்தப் பொய்க்கணக்கை நம்பித்தான் அடுத்த புராஜெக்டுக்கும் ஆளைக் குறைத்துப் போடுவார்கள். உள்ளதை எழுதுங்கள்.

மேலே போகப் போக இடம் குறைவு. மெக்கின்சி போன்ற நிறுவனங்களில் 'ஏறு, இல்லையேல் வெளியேறு' என்பது, அதாவது பதவி உயர்வு பெறாதவர் கிளம்ப வேண்டும் என்பது, பல பத்தாண்டுகளாக இருக்கும் வழக்கம். வெளியே வருவது அவமானமில்லை. அப்படி வந்தவர்கள்தான் பிறகு கிளையன்ட்டாக எதிரே உட்காருகிறார்கள்.

எனக்கு உண்மையில் வலித்தது வேறொன்று. ராப்பகலாக உழைத்து அறிக்கை கொடுப்போம், கிளம்பிவிடுவோம். அது நடந்ததா, பலித்ததா என்று பார்க்க அங்கே இருக்கமாட்டோம். செய்த வேலையின் பலனை மூன்று வருடமாகக் கண்ணெதிரே பார்த்துப் பழகிய உங்களுக்கு இது இன்னும் உறுத்தும்.

அதனால் எந்த நிறுவனம் என்பதைவிட எந்தப் பிரிவு என்று கேளுங்கள். டெலாய்ட், பிடபிள்யூசி போன்ற இடங்களில் ஒரே பெயருக்குள் தணிக்கை, வரி, தொழில்நுட்பம், வியூக ஆலோசனை என்று தனித்தனி உலகங்கள் இருக்கின்றன. தொழில்நுட்பப் பிரிவில் ஒரே கிளையன்ட்டோடு ஒரு வருடத்துக்கு மேல் இருந்து, செய்தது ஓடுவதைப் பார்த்துவிட்டு வரவும் வாய்ப்புண்டு.

கையெழுத்துப் போடும் முன், அதே பிரிவில் இரண்டு வருடம் முடித்த ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். "உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? கடைசியாக எந்த வார இறுதி முழுதாக உங்களுக்குக் கிடைத்தது?" இந்த இரண்டு கேள்வி போதும். பதில் சொல்ல அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.