தொண்டை எரியவில்லை என்றால் சிகரெட்டின் நஞ்சு குறைந்துவிட்டதா?

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கெழுதும் 46 வயது வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாதாரண பில்டர் சிகரெட் புகைத்து வந்தேன். காலையில் தொண்டை எரியும், இருமலும் இருக்கும். சென்ற ஆண்டு, பில்டருக்குள் குமிழ் வைத்த ஒல்லியான சிகரெட்டுக்கு மாறினேன். இப்போது எரிச்சல் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு எட்டு என்று இருந்தது பன்னிரண்டாகிவிட்டது. நல்ல பில்டராக இருந்தால் நஞ்சு குறையும்தானே? இணையத்தில் விற்கும் பிளாஸ்டிக் ஹோல்டரை வாங்கி மாட்டிக்கொள்ளலாமா? அதில் தார் கறுப்பாகத் தேங்குவதை நண்பர் காட்டினார்.”

உங்கள் தொண்டைக்குக் கிடைத்திருக்கும் சுகம் உண்மையானதே. அதை வைத்து நுரையீரலின் நிலையைக் கணிப்பதில்தான் பிழை நேர்கிறது. சிகரெட்டின் வாய்ப்பக்கத்து முனையில் செய்யப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை வாயும் நாக்கும் தொண்டையும் எதை உணர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை. உள்ளே செல்லும் புகையின் கேட்டை அவை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. எட்டு பன்னிரண்டான கணக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது.

பில்டரைப் பஞ்சு என்று நாம் சொன்னாலும் அது பருத்தி அன்று. செல்லுலோஸ் அசிடேட் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்கின் பல்லாயிரம் நுண்ணிழைகளை இறுக்கி, காகிதம் சுற்றி அமைத்தது. இழைகள் விறைப்பாக நிற்பதற்கு டிரையசெட்டின் என்னும் திரவத்தைச் சேர்க்கிறார்கள். புகையில் மிதக்கும் துகள்களில் ஒரு பகுதியை இந்த இழைகள் பிடித்துக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு வாயுவைப் பிடிக்க அவற்றால் இயலாது. கரித்தூள் சேர்த்த பில்டர்கள் அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் வாயுக்களில் சிலவற்றை உறிஞ்சுகின்றன. அதனால் புகையின் காரம் சற்றுத் தணியும். கார்பன் மோனாக்சைடு அவற்றையும் கடந்து வந்துவிடும். இரத்தத்தில் உயிர்வாயுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்துக்குச் சுமையேற்றும் அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ எரிச்சலோ கிடையாது என்பதால், அது குறைந்ததா கூடியதா என்பதைத் தொண்டை ஒருநாளும் சொல்லாது.

புகையின் மென்மைக்கு முக்கியமான காரணம் பஞ்சைவிட அதைச் சுற்றியுள்ள தாளில் இருக்கிறது. புகைத்து முடித்த துண்டு ஒன்றை எடுத்து, பில்டரின் மேல் தாளைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வாய் முனையிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி, ஊசியால் குத்தியதுபோல் நுண்துளைகள் வரிசையாகத் தெரிந்தால் அது காற்று கலக்கும் வகை. கீறல் விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கும்போது இளநீரோடு காற்றும் சேர்ந்து வருவதைப் போல, ஒவ்வோர் இழுப்பிலும் இந்தத் துளைகள் வழியே வெளிக்காற்று புகுந்து புகையை நீர்க்கச் செய்கிறது. இழுப்பதும் எளிதாகிறது, வாய்க்கு வரும் புகை குளிர்ந்தும் மெலிந்தும் இருக்கிறது. ஆனால் மூளை தனக்குப் பழகிய நிகோடினை விட்டுக்கொடுப்பதில்லை. புகைப்பவர் தாமறியாமலே நீளமாக இழுக்கிறார், ஆழமாக உள்ளே விடுகிறார், இடைவெளியைக் குறைக்கிறார், அல்லது உங்களைப் போல எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறார்.

துளைகளை விரலோ உதடோ மூடிவிடுவதும் உண்டு. இதை நீங்களே சோதிக்கலாம். புகைத்த பில்டரின் வாய் முனையை நேராகப் பாருங்கள். நடுவில் பழுப்பு வட்டமும் ஓரத்தில் வெளிறிய வளையமும் இருந்தால் துளைகள் திறந்திருந்தன. முனை முழுவதும் ஒரே சீராகக் கறை படிந்திருந்தால் அவை அடைபட்டிருந்தன என்று பொருள். துளைகளைத் திறந்தே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதில் கிடைக்கும் ஆதாயத்தை ஆழமான இழுப்பு விழுங்கிவிடும்.

சிகரெட் புகையில் உள்ள தாரை அளக்கும் ஆய்வக இயந்திரத்துக்கு இந்தப் பழக்கங்கள் எதுவும் கிடையாது. நெடுங்காலம் வழக்கிலிருந்த சோதனை முறையில், அது நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு விநாடி, 35 மில்லிலிட்டர் மட்டுமே இழுக்கும், துளைகளையும் மூடாது. அந்த அளவீட்டில் பிறந்தவைதான் ‘தார் குறைந்த’ சிகரெட்டுகள். ‘லைட்’, ‘மைல்டு’ போன்ற சொற்களைப் பெட்டியில் அச்சிட நம் நாட்டு விதிகள் இடம் தருவதில்லை. என்றாலும் வெளிர்நிறப் பெட்டியும் வெள்ளைப் பில்டரும் அதே எண்ணத்தைச் சொல்லாமல் சொல்லிவிடுகின்றன. அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் 2014 அறிக்கை, 1950களுக்குப் பிறகு சிகரெட்டின் வடிவமைப்பிலும் சேர்மானத்திலும் வந்த மாற்றங்களால், அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து புகைப்பவர்களிடம் கூடியது என்று முடிவு செய்தது. எந்த மாற்றம் காரணம் என்பதை அறுதியிட்டுக் கூறாவிட்டாலும், துளையிட்ட பில்டருக்கு அதில் பங்கிருக்கலாம் என்பதற்கான சான்றுகளை அது சுட்டியது. மென்மையான புகையை ஆழமாக இழுக்கும்போது, அது நுரையீரலின் ஓரப் பகுதிகள் வரை செல்ல வழி உண்டாகிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம்.

இனி உங்கள் குமிழுக்கு வருகிறேன். அதை நசுக்கியதும் வெளிப்படும் மெந்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதோடு எரிச்சல் உணர்வையும் மழுங்கச் செய்கிறது. எரிச்சல் என்பது உடல் எழுப்பும் எச்சரிக்கை. புகையை அப்படியே வைத்துக்கொண்டு எச்சரிக்கையை மட்டும் அடக்கும் இந்த ஏற்பாட்டை, வடிவமைப்பு உத்திகளிலேயே மிக மோசமானதாக நான் கருதுகிறேன். தொண்டையைக் கடக்கும் சிரமம் குறைவதால், புதிதாகப் பழகும் இளைஞர்களுக்கும் இது வாசலைத் திறந்துவிடுகிறது. சிகரெட் ஒல்லியாக இருப்பதால் ஒன்றில் அடங்கும் புகையிலை குறைவு என்பது சரிதான். அதை உங்கள் பன்னிரண்டு ஈடுகட்டிவிட்டது.

ஹோல்டரைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில்: வாங்க வேண்டாம். அதில் தேங்கும் கறுப்பு நீர் உங்களுக்குள் போகாத தார்தான், மறுக்கவில்லை. போனது எவ்வளவு என்பதை அது காட்டாது. வாயுக்களைப் பற்றி எதுவுமே சொல்லாது. கண்ணுக்குத் தெரியும் கறை மனத்தை எளிதில் சமாதானப்படுத்தும் என்பதைச் சிகரெட் நிறுவனங்கள் எப்போதோ கண்டுகொண்டன. 1953இல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் வேதியியலாளர் கிளாட் டீக், புகை பட்டதும் நிறம் மாறும் பொருளைப் பில்டரில் சேர்க்கலாம் என்று எழுதிய உள்குறிப்பில், வடிகட்டும் திறனில் இதனால் மாற்றம் இராது, விற்பனைக்கு உதவும் என்பதையும் சேர்த்தே குறித்திருந்தார். அதே காலத்தில், 1952 முதல் 1956 வரை, கென்ட் சிகரெட்டின் ‘பாதுகாப்பான’ பில்டரில் இருந்தது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இதற்காகப் பழைய சிகரெட்டுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல மாட்டேன். பீடிக்கு மாறுவதும் தீர்வாகாது. பில்டர் இல்லாத பீடி அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கும் என்பதால் அதிலும் கேடு குறைவதில்லை. உங்களுக்குப் பயன்படக்கூடியது நிறுத்தும் முயற்சி ஒன்றே. நாளின் முதல் சிகரெட்டை எழுந்து எவ்வளவு நேரத்தில் பற்றவைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். அரை மணிக்குள் என்றால் நிகோடின் சார்பு வலுவாக இருக்கிறது; மருத்துவரைக் கேட்டு 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கத்தில் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம் பெரும்பாலும் போதும். இதய நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால், எந்த அளவானாலும் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதைச் சாதாரணச் சூயிங்கம் போல் விடாமல் மெல்லக் கூடாது. சுரீரென்ற காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் மென்றால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. டீயும் சிகரெட்டும் சேர்ந்தே பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். உதடும் நாக்கும் எதையாவது தேடும் நேரத்துக்குக் கிராம்போ சோம்போ சட்டைப்பையில் இருக்கட்டும். பாக்கு, உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலைப் பொட்டலம் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டாம்.

மத்திய அரசின் கட்டணமில்லாப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. நேரில் பேச விரும்பினால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள்.

எரிச்சல் போய்விட்டது என்று எழுதிய நீங்கள் இருமலும் போய்விட்டது என்று எழுதவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சளியில் இரத்தம், எடைக் குறைவு, மூன்று வாரம் தாண்டியும் தெளியாத குரல் கம்மல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்த்து மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்பதை நிறுத்திய முதல் சில வாரங்களில் இருமல் சற்றுக் கூடலாம். மூச்சுக்குழாயின் நுண்ணிய மயிரிழைகள் மறுபடி வேலை செய்து சளியை வெளியேற்றுவதால் வருவது அது. அதைக் கண்டு, சிகரெட் இருந்தபோதே நெஞ்சு நன்றாக இருந்தது என்று எண்ணி மீண்டும் பற்றவைத்துவிடாதீர்கள்.