பறித்த பின்னும் மணக்கும் பூ, பறித்ததும் அடங்கும் பூ: மணமலர் கேள்வி-பதில்

இந்த முறை சேர்ந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன. செடியில் அவ்வளவு மணக்கும் பூ, எண்ணெயிலோ புட்டியிலோ போட்டதும் ஏன் மணப்பதில்லை? பதில் பூவுக்குப் பூ மாறும். மல்லிகை, சம்பங்கி போன்றவை பறித்த பிறகும் பல மணி நேரம் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ரோஜா அப்படியல்ல. பறிக்கும்போது இதழில் என்ன இருக்கிறதோ அதுதான், அதுவும் நேரம் ஆக ஆகக் குறையும். எந்தப் பூவுக்கு எந்த முறை என்பதை முக்கியமாக இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

கேள்வி: மல்லிகைப் பூவைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சினேன். பூ வாசனை துளியும் இல்லை, வெந்த இலை வாசனைதான் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: சூடுதான் காரணம். மல்லிகை மணம் என்பது பென்சைல் அசிட்டேட், லினலூல், இண்டோல் எனப் பல பொருட்களின் கூட்டு. அவற்றில் எளிதில் ஆவியாகக்கூடியவை காய்ச்சும்போதே பறந்துவிடும். இதழும் பச்சைக் காம்பும் வெந்த வாசனைதான் எண்ணெயில் தங்கும். அதோடு, சூடான எண்ணெயில் விழுந்த பூ அந்த நொடியே செத்துப்போகிறது. விடியும் வரை அது தந்திருக்கக்கூடிய மணம் உங்கள் கைக்கு வருவதே இல்லை.

மல்லிகைக்கு ஏற்றது குளிர்ந்த கொழுப்பில் மணம் ஏற்றுவது. பிரான்சின் கிராஸ் நகரில் வாசனைத் திரவியம் செய்தவர்கள், மரச்சட்டத்தில் பொருத்திய கண்ணாடியில் சுத்தம் செய்த விலங்குக் கொழுப்பைப் பூசி, அதன் மேல் மல்லிகையைப் பரப்பினார்கள். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைப்பார்கள். ஒரே கொழுப்பில் ஒரு பருவம் முழுக்க, சுமார் 30 முறை இது நடக்கும்.

வீட்டில் விலங்குக் கொழுப்பு தேவையில்லை. மணம் நீக்கிய, உறைந்த தேங்காய் எண்ணெய் போதும். மூடியுள்ள கண்ணாடித் தட்டில் அதை அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்தால் கொழுப்பின் மேற்பரப்பு கூடும், மணமும் அதிகமாக ஏறும். பூவை மாலையில், நுனி விரியத் தொடங்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இறுக மூடிய மொட்டுக்கு மணம் மிகக் குறைவு, விரியும்போதுதான் வெளிப்படும். பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, முகம் கீழே பார்க்கும்படி ஒவ்வொன்றாகக் கொழுப்பின் மேல் வையுங்கள். அழுத்த வேண்டாம். மூடி, இருட்டான குளிர்ந்த இடத்தில் 24 மணி நேரம் விடுங்கள். மறுநாள் பழுப்பேறிய பூவை இடுக்கியால் எடுத்துவிட்டு, அன்றைய பூவை வையுங்கள்.

பூவில் ஈரம் இருக்கவே கூடாது. ஒரு சொட்டுப் பனி போதும், பூஞ்சை வந்துவிடும். மூடியின் உட்புறம் வியர்த்திருந்தால் அவ்வப்போது துடையுங்கள். நான்கைந்து முறை மாற்றியதும் மணம் வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். பத்துப் பதினைந்து முறையாவது தேவை. அதற்குக் கீழே போனால் இரண்டே வாரத்தில் மணம் மங்கிவிடும். சம்பங்கிக்கும் இதே முறைதான், பூவை மட்டும் இரண்டு நாள் வரை விட்டுவைக்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் உறைவதே இல்லை. வேறு வழி உண்டா?

பதில்: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசில் உருகிவிடும். மணம் நீக்கிய ஷியா வெண்ணெயை (ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு) பாதிக்குப் பாதி கலந்தால் கொஞ்சம் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதை நான் சொல்ல மாட்டேன். அந்தக் குளிரில் பூ மணம் விடுவதே மந்தமாகிவிடும், அங்குள்ள மற்ற வாசனைகளும் கொழுப்பில் ஏறிக்கொள்ளும்.

கொழுப்பு உறைந்துதான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தடித்த பருத்தித் துணியை எண்ணெயில் நனைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன் மேல் பூவைப் பரப்பிப் பிறகு துணியைப் பிழிந்து எடுப்பது ஒரு வழி. அதைவிட எனக்குப் பிடித்தது எள் முறை. காய்ந்த எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மட்டும் தினமும் மாற்றிக்கொண்டே வந்து, கடைசியில் எள்ளை ஆட்டி எண்ணெய் எடுப்பார்கள். மிகப் பழைய முறை, வெயில் காலத்திலும் தடையின்றிச் செய்யலாம். எள்ளைச் சலித்துக் காயவைத்துக்கொண்டே போக வேண்டும் என்பதுதான் இதில் உள்ள வேலை.

கேள்வி: நர்சரியில் வாங்கிய ரோஜா கை அகலத்துக்குப் பூக்கிறது. வாசனை மட்டும் இல்லை. உரம் போட்டால் வருமா?

பதில்: வராது. அது அந்த ரகத்தின் இயல்பு. வெட்டிய பிறகு நாள்கணக்கில் வாடாமல் நிற்க வேண்டும், காம்பு நீளமாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்கள் பலவற்றில் மணம் கைவிட்டுப் போய்விட்டது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, மணக்கும் ரோஜாவையும் மணக்காத ரோஜாவையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ரோஜா மணத்தின் முக்கியப் பகுதியான ஜெரானியால் உருவாக என்.யு.டி.எக்ஸ்.1 என்ற நொதி வேண்டும், மணம் குன்றிய ரகத்தில் அதற்கான மரபணு வேலை செய்வது மிகக் குறைவு என்று அதில் தெரிந்தது. உரம் போட்டு அதை எழுப்ப முடியாது.

அந்தச் செடியைக் கண்ணுக்காக வைத்துக்கொள்ளுங்கள். மணத்துக்குப் பன்னீர் ரோஜா வாங்குங்கள். பூ சிறியது, இதழ் சீக்கிரம் உதிரும், ஆனால் வாசனைக்காகவே வளர்க்கிற ரோஜா அது. வாங்கும்போது காலை நேரத்தில் போய், பூத்த செடியை முகர்ந்து பார்த்தே எடுங்கள். பெயர் அட்டையை நம்பி வாங்காதீர்கள்.

கேள்வி: பன்னீர் வீட்டிலேயே வடிக்க முடியுமா? ரோஜா எண்ணெயும் கிடைக்குமா?

பதில்: பன்னீர் கிடைக்கும். எண்ணெயை மறந்துவிடுங்கள். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்குச் சுமார் 3,000 முதல் 5,000 கிலோ இதழ் வேண்டும். அதாவது, ஒரு கிலோ இதழைப் பறித்தாலும் கால் கிராம் தேறுவதே பெரிய விஷயம். ஆனால் ரோஜா மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் ஃபீனைல் எத்தனால் என்ற பொருள் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால்தான் பன்னீரே அவ்வளவு மணக்கிறது.

விடிந்ததும் பறியுங்கள். வெயில் ஏற ஏற இதழில் எண்ணெய் குறையும், உச்சி நேரத்துப் பூவில் காலையில் இருந்ததில் பெரும்பகுதி போயிருக்கும். பறித்ததை மூட்டையாகக் கட்டி வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும், அன்றே வடித்துவிடுங்கள்.

அகலமான பாத்திரத்தின் நடுவே ஒரு கல்லையோ தாங்கியையோ வைத்து, அதன் மேல் வெறும் கிண்ணம் ஒன்றை வையுங்கள். சுற்றிலும் இதழ்களைப் போட்டு, அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். கிண்ணத்தின் விளிம்புக்கு வெகு கீழே தண்ணீர் நிற்க வேண்டும். குமிழ் கீழே பார்க்கும்படி மூடியைக் கவிழ்த்து, மேலே பனிக்கட்டி வையுங்கள். அடுப்பைச் சிறு தீயில் எரியவிடுங்கள். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, குமிழ் வழியே கிண்ணத்தில் சொட்டும். ரோஜாவின் மணப்பொருட்கள் தனியாகக் கொதிக்க 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஆனால் நீராவியோடு சேர்ந்து 100 டிகிரியிலேயே ஏறிவந்துவிடும். வடித்தல் முழுக்க நிற்பது இந்த ஒரு குணத்தில்தான்.

முதலில் விழும் நீர்தான் சாரம். சொட்டும் நீரை அவ்வப்போது ஒரு கரண்டியில் பிடித்து முகர்ந்து பாருங்கள். ரோஜா மணம் குறைந்து வெந்த காய் வாசனை தட்டியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஆசைப்பட்டு மேலும் வடித்தால் நல்லதும் கெட்டுவிடும். மூடியை மாவு பூசி அடைக்காதீர்கள், ஆவிக்குப் போக்கு இருக்க வேண்டும். பாத்திரத்தில் தண்ணீர் வற்றவும் விடக்கூடாது. கொதிநீரில் போட்டெடுத்த புட்டியில் ஊற்றிக் குளிரில் வையுங்கள், சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். கலங்கினாலோ இழை இழையாக ஏதாவது மிதந்தாலோ கொட்டிவிடுங்கள், அதை முகத்தில் போடக்கூடாது.

கேள்வி: மல்லிகைச் செடி பச்சைப் பசேலென்று இருக்கிறது, பூதான் வருவதில்லை. வந்த சில மொட்டுகளும் ஊதா நிறமாகிக் காய்கின்றன.

பதில்: இது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. முதலில் பூ. தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறேன், அல்லது வெயில் போதவில்லை. மல்லிகை நிறையப் பூக்க ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். தழைச்சத்து உரத்தை நிறுத்திவிட்டு மட்கிய எருவும் கொஞ்சம் மரச்சாம்பலும் கொடுங்கள். அப்புறம் கவாத்து. மல்லிகை புதுக்கிளையில்தான் பூக்கும். பூக்கும் பருவம் முடிந்து செடி ஓய்ந்திருக்கும்போது, தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி விட்டு வெட்டி, மீதி இலைகளையும் உருவிவிடுங்கள். மனது கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். அரைகுறையாக நுனி கிள்ளுவதால் பயனில்லை.

ஊதா மொட்டு, மொட்டுப்புழுவின் வேலை. ஒரு மொட்டைப் பிளந்து பாருங்கள், உள்ளே சிறிய புழுவோ அதன் எச்சமோ இருக்கும். அப்படிப்பட்ட மொட்டுகளை எல்லாம் பறித்துச் செடிக்கு அருகில் போடாமல் அழித்துவிடுங்கள். வேப்பெண்ணெய் தெளிக்கலாம், ஆனால் மணம் எடுக்கப்போகும் பூவில் வேண்டாம். அந்த வாடை இதழில் ஒட்டிக்கொண்டு நேராகக் கொழுப்புக்குள் போய்விடும். ரசாயன மருந்து அடித்த பூவை எண்ணெய்க்கோ பன்னீருக்கோ எடுக்கவே கூடாது.

கேள்வி: காயவைத்த பூவில் மணம் நிற்பதில்லையே?

பதில்: மல்லிகையில் நிற்காது. காய்ந்தால் அது வெறும் பழுப்பு இதழ்தான். பன்னீர் ரோஜா ஓரளவு நிற்கும். மரிக்கொழுந்து, லாவெண்டர், வெட்டிவேர் நன்றாக நிற்கும், ஏனென்றால் இவற்றில் மண எண்ணெய் சுரப்பிகளிலோ வேர்த் திசுவிலோ பத்திரமாகத் தேங்கியிருக்கிறது. ஆக, இவற்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு ரோஜா இதழைச் சேருங்கள். நிழலில், காற்றோட்டத்தில், கையில் நொறுங்கும் வரை காயட்டும். நறுக்கிய வெட்டிவேர் கலந்தால் மற்ற மணங்கள் பறப்பது மெதுவாகும். மூடிய சாடியில் ஒரு மாதம் ஊறவிட்டுப் பிறகு வெளியே வையுங்கள், அப்போதுதான் மணங்கள் ஒன்றோடொன்று சேரும்.

கேள்வி: மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பூவை ஊறவைத்து சென்ட் செய்யலாமா?

பதில்: வேண்டாம். கடைகளில் வரும் ஸ்பிரிட் வகைகள் சிலவற்றில் மெத்தனால் கலந்திருக்கும். அது தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் விஷம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்றால் அதன் காரநெடியே எந்தப் பூவையும் அமுக்கிவிடும். வாசனைத் திரவியத்துக்கென விற்கும் தூய எத்தனால் சட்டப்படி கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். அதிலும் நேரடியாகப் பூவை ஊறவைப்பதைவிட, மேலே சொன்ன மணமேற்றிய கொழுப்பைச் சம அளவு எத்தனாலில் போட்டு, தினமும் குலுக்கிச் சில வாரம் வைப்பது மேல். பிறகு உறைபெட்டியில் வைத்தால் கொழுப்பு கட்டியாகும், வடிகட்டிவிடலாம். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது.

எத்தனால் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அந்தக் கொழுப்பையே இளஞ்சூட்டில் உருக்கி, நான்கு பங்குக்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்துச் சின்ன டப்பாவில் ஊற்றினால் பூசிக்கொள்ளும் திட சென்ட் தயார். முதல்முறை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் பயன்படுத்தலாம்.

கேள்வி: நான் செய்த எண்ணெய் எனக்கே மணக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் மட்டும் மணக்கிறது என்கிறார்.

பதில்: அவர் சொல்வதை நம்புங்கள். ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். வெளியே போய் நல்ல காற்றில் நின்றுவிட்டு வந்து மறுபடி முகருங்கள்.

கேள்வி: பால்கனியில் காலை வெயில் நான்கு மணி நேரம்தான். எதை நடுவது?

பதில்: ரோஜாவும் சம்பங்கியும் அங்கே சரிப்படாது. பெரிய தொட்டியில் மல்லிகை வையுங்கள், பூ குறைவாக இருந்தாலும் பூக்கும். இரவு ராணி பாதி நிழலையும் தாங்கும், ஆனால் சின்னப் பால்கனிக்கு அதன் மணம் தலைவலி தரும் அளவுக்குப் போகலாம். அதன் காய்கள் நச்சுத்தன்மை உள்ளவை. சின்னக் குழந்தைகளோ வளர்ப்பு விலங்குகளோ இருக்கும் வீடென்றால் அது வேண்டாம், மல்லிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.